பெண் கேட்டு வந்தவர்களுக்குச் சுட்ட மீன்

மதிப்பும் பயமும் கலந்த அன்புக்குரிய அக்கா எவுஸ்தோலியாவுக்கு, சான் ப்ளாஸிலிருந்து தம்பி அன்செல்மோ எழுதிக்கொண்டது. இங்கே நான், என் வீட்டுக்காரி ரெமேதியோஸ், கொசுக்கள் எல்லோரும் சுகம். உன் முழங்கால் வலியும் அத்தானின் குறட்டையும் குறையக் கன்னி மரியாளை வேண்டிக்கொள்கிறேன்.

நிற்க. ஞாயிற்றுக்கிழமை நம் யூரிதியாவைப் பெண் கேட்டு வந்தார்கள். பையன் பெயர் கில்தார்தோ. நல்லவன், அதுதான் கஷ்டமே, குறை சொல்லித் தட்டிக்கழிக்க வழியில்லை. ஊர் சக்காதேகாஸ், கடல் எந்தத் திசை என்றுகூடத் தெரியாத மலைச்சீமை. எனக்கு இருப்பது ஒரே மகள். அவளை அங்கே அனுப்பிவிட்டுக் காலையில் யார் முகத்தில் விழிப்பேன்? எனக்கு மனசே இல்லை, அக்கா. ஆனால் வீடு தேடி வந்தவர்களிடம் 'தரமாட்டேன்' என்று சொல்லவும் வாய் வராது. அதனால் அந்தப் பொறுப்பை மிளகாயிடம் விட்டேன்.

பெரிய சங்கரா மீன் ஒன்றை முதுகில் கீறிப் புத்தகம் மாதிரி விரித்தேன். வலப் பாதிக்கு நம் வீட்டு மசாலா: ஊறவைத்து அரைத்த, நிறம் மட்டும் தந்து காரம் தராத வாஹியோ மிளகாய், பூண்டு, எலுமிச்சை, கொஞ்சம் சோயா சாஸ். இடப் பாதிக்கு அந்த ஒல்லிப்பிச்சான் ஆர்போல் மிளகாய், கை நிறைய, விதையோடு. அரைக்கும்போதே பக்கத்து வீட்டு நாய் தும்மியது. இரண்டும் ஒரே சிவப்பு. இடது அவர்களுக்கு, வலது நமக்கு. ஒரு துண்டு உள்ளே போனால் வந்த காரியத்தை மறந்து பஸ் ஏறிவிடுவார்கள் என்று நினைத்தேன்.

கண்டல் விறகு தணலானதும் மீனை இரட்டைக் கம்பித் தட்டுக்குள் இறுக்கி நெருப்பில் வைத்தேன். பையனின் அப்பா தோன் எவேலியோ பக்கத்தில் நின்று, இது என்ன விறகு, ஏன் இவ்வளவு புகை என்று குடைந்துகொண்டிருந்தார். பதில் சொல்லிக்கொண்டே தட்டைப் புரட்டினேன். தலை நரைக்கும்வரை மீன் புரட்டியவன் நான். புரட்டினால் இடது வலதாகிவிடும் என்பது இந்த மண்டைக்கு அன்றைக்கென்று உறைக்கவில்லை. இடப் பாதி அவர்கள் பக்கம் இருக்கும்படி மேசையில் வைத்தேன்.

அவர்கள் விரலைச் சூப்பிச் சூப்பித் தின்றார்கள். நான் ஒரு துண்டைத் தொர்த்தியா ரொட்டியில் சுருட்டி வாயில் போட்டேன். அக்கா, நாக்கு இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது. துப்பினால் குட்டு உடையும் என்று விழுங்கித் தொலைத்தேன். கண்ணும் மூக்கும் கொட்டுகின்றன. ரெமேதியோஸ் ஒரு வாய் வைத்துவிட்டு என் பக்கம் குனிந்து, "ஏங்க, இது யாருக்குன்னு அரைச்சது?" என்றாள். பதில் சொல்ல எனக்கு வாய் எங்கே இருந்தது?

அந்த நேரம் பார்த்துத் தோன் எவேலியோ எழுந்து தொப்பியைக் கழற்றினார். "தோன் அன்செல்மோ, உங்க பொண்ண எங்க வீட்டுக்குத் தருவீங்களா?" நான் அவருக்குப் பின்னால் இருந்த தண்ணீர்க் கூஜாவைப் பார்த்து வேகவேகமாகத் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், பையனின் அம்மா, பெற்ற மனசு என்னமாய் அழுகிறது என்று சொல்லி என்னோடு சேர்ந்து அழ ஆரம்பித்துவிட்டார். யூரிதியா ஓடி வந்து கட்டிக்கொண்டாள். "நீ ஒத்துக்கவே மாட்டேன்னு நெனச்சேம்ப்பா" என்றாள். அந்த முகத்தைப் பார்த்து, நான் தண்ணீர் கேட்டேன் மகளே என்று எப்படிச் சொல்வேன்?

ஆகவே கடிதம் கண்டதும் பஸ் ஏறு. அவளை அவ்வளவு தூரம் அனுப்பக் கூடாது என்று மூத்தவளாக நீயே சொல்லிவிடு. ஊரில் எல்லோரோடும் ஏற்கெனவே சண்டை போட்டவள் நீ, இன்னொன்று உனக்குப் பாரமாகாது.

அத்தானுக்கு வணக்கம். உங்கள் வீட்டு அடுப்பு அணையாமலும் உடம்பு நோகாமலும் இருக்க ஆண்டவர் அருளட்டும்.

உன் தம்பி,
அன்செல்மோ

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சக்காதேகாஸுக்கு யாருமே போகவில்லையாம். பையனுக்கு இங்கேயே இறால் பண்ணையில் வேலை கிடைத்துவிட்டதாம், நம் பின்னறையில்தான் குடியிருப்பார்களாம். என்னைத் தவிர எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. சந்தோஷத்தில் ரெமேதியோஸ் கையைப் பிடித்துக்கொண்டு நிஜமாகவே அழுதுவிட்டேன். ஆகவே பஸ் ஏறாதே.

பி.கு. 2: மாப்பிள்ளை இப்போதுதான் வந்து கம்பித் தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "நீங்க ஒக்காருங்க மாமா, இனிமே இந்த வீட்ல மீன் சுடுறது நான்தான்" என்கிறான். அக்கா, உடனே பஸ் ஏறு. வரும்போது சக்காதேகாஸில் ஒரு வேலை பார்த்துக்கொண்டு வா, அவன் ஒருத்தனுக்கு மட்டும்.