யார் முதலில் கூப்பிடுவது

"என் மககூட நடக்கப் போனா நீங்க முன்னால போகாதீங்க மாப்ளே, ஏன்னா..." என்று கல்யாணப் பந்தலில் மாமனார் பக்கிரிசாமிக் கங்காணி ஏதோ சொன்னார். மீதியை மேளக்காரர் விழுங்கிவிட்டார். தங்கராஜுவுக்கு இன்றுவரை அந்த மீதி தெரியாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில், சிங்கப்பூரில் பார்த்த கிராணி என்கிற குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு, மனைவி ருக்குமணி பிறந்த தேயிலை மலையூரான ரிங்லெட்டுக்கே குடிவந்தார். தமிழிலும் இங்கிலீஷிலும் இருமிப் பார்த்துவிட்டார். குளிர் எந்தப் பாஷைக்கும் மசியவில்லை. பழைய வேலை இன்னும் காலியாக இருந்தது. திரும்பிப் போய்விட வேண்டும் என்பது அவர் கட்சி. செத்தாலும் இந்தத் தேயிலைக் காட்டில்தான் என்பது அவள் கட்சி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஆற்றோரப் பூங்காவுக்கு அவளை நடக்க அழைத்துப் போனார். வழியில் பந்தயம் போட்டார். நடைபாதை முடியும்வரை யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. கூப்பிட்டவர் தோற்றவர். ஜெயித்தவர் சொல்லும் ஊரில் குடித்தனம்.

அவள் புருஷன் பெயரைச் சொல்லாதவள். அந்தச் சாக்குக்கும் அவர் இடம் கொடுக்கவில்லை.

"பேரு வேணாம். 'ஏங்க'ன்னாலே கணக்குதான்."

"நீங்க கூப்பிட்டா?"

"நான் எதுக்குக் கூப்பிடப் போறேன்?"

"சரிலா" என்றாள், அந்த ஊர் 'லா' போட்டு, ரொம்பச் சுலபமாக. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும்.

பாலம் தாண்டியதும் மூடுபனி இறங்கியது. இதற்குத்தான் காத்திருந்தார். விறுவிறுவென்று முன்னால் போய், ஆள் உயரப் பெரணிச் செடிக்குப் பின்னால் பதுங்கினார். பயந்து கூப்பிடுவாள். இதோ, இப்போது. ஆறு மட்டும்தான் பேசியது.

பனி மெல்லக் கிழிந்தது. முதலில் தண்ணீர் தெரிந்தது. தண்ணீருக்கு மேல் புகை. புகைக்கு மேல், தரையே இல்லாமல், ஒரு தேயிலைச் சரிவு வானத்தில் தொங்கியது. வெயில் அதன் ஓரத்தைத் தொட்டது. வரிசை வரிசையாகப் பச்சை பற்றிக்கொண்டு மேலே ஏறியது. தங்கராஜுவுக்கு இருமல் மறந்தது, சிங்கப்பூர் மறந்தது, எதற்குப் பதுங்கினோம் என்பதும் மறந்தது. தனியாகப் பார்த்துத் தாங்கக்கூடிய காட்சியா அது?

"ருக்கு, இங்க வந்து பாரேன்."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

முதுகுக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்து பிளாஸ்கைத் திறந்துகொண்டிருந்தாள். எப்போது வந்தாய் என்று கேட்டார். அவர் செடிக்குள் நுழைந்தபோதே என்றாள். பனியில் கொழுந்து பறித்தவர்களுக்கு ஓர் இருமல் கேட்டால் போதுமாம், ஆள் எங்கே என்று தெரிந்துவிடுமாம்.

"இது செல்லாது. நான் பயந்து கூப்பிடல."

"பயந்துன்னு யாரு சொன்னா? கூப்பிட்டான்னுதானே பேச்சு?" தேநீரை ஊற்றி நீட்டினாள். "இந்த நேரத்துக்கு இந்த எடத்துல நின்னா, எப்பேர்ப்பட்ட ஆம்பளையும் பக்கத்துல இருக்கவளக் கூப்பிட்டுத்தாங்க காட்டுவான். எங்கப்பாவே எங்கம்மாவக் கூப்பிட்டாரு. அந்த தைரியத்துலதான் சரின்னேன்."

தங்கராஜு தேநீரைக் குடித்து முடிப்பதற்குள் மலை முழுக்க வெளியே வந்திருந்தது.

மறுநாள் டவுனுக்குப் போய் சிங்கப்பூருக்கு டெலிபோன் போட்டு, அந்த வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடச் சொன்னார்.