மதருக்கு ஒரு மூக்குக்கண்ணாடி

"முகம் இல்லாமல் என்ன சரித்திர அறை?" என்று கேட்டார் அதிபர் சிஸ்டர் ரொசில்டா. "சனிக்கிழமை திறப்புக்கு ஸ்தாபகர் மதரின்ட படம் வரவேணும். இல்லாட்டி அந்த ரூமைக் கம்பியூட்டர் லாப் ஆக்கிப்போடுவன், டீச்சர்."

கொட்டாஞ்சேனையில் அந்தப் பெண்கள் பள்ளிக்கூடத்தைத் தொடங்கிய மதர், அசைக்க முடியாத கட்டடத்தைக் கட்டிவிட்டு, தன்னைப் படம் எடுக்க மட்டும் இலேசில் விடாதவர். பள்ளியில் மாட்டியிருந்த ஒரேயொரு படத்தையும் கரையான் தின்றுவிட்டது. சரித்திர ஆசிரியை நிஷாந்தினியோ பழைய மணி, சீருடை, வெற்றிக் கிண்ணம் என்று ஒரு வருடமாக அலைந்து அந்த அறையை நிரப்பியிருந்தாள். அதைக் கம்பியூட்டர் மேசைகளுக்கு விட்டுக்கொடுக்க அவள் தயாராக இல்லை.

வியாழக்கிழமை, மேடைக்குக் கீழே பழைய நாடக உடுப்புகள் கிடந்த தகரப் பெட்டியில் ஒரு படம் அகப்பட்டது. வெள்ளை அங்கி, முக்காடு, கையில் செபமாலை, சிரிக்காத முகம்.

"மதர்!" என்று கத்தினாள் நிஷாந்தினி. பெட்டிக்குள்ளிருந்து பாய்ந்த கரப்பானைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை.

கூட நின்ற மேனகா டீச்சர் படத்தை உற்றுப் பார்த்தாள். "காலில சப்பாத்து ஏன் இவ்வளவு பெரிசு?"

"அந்தக் காலத்து மிஷனரிமார் அப்பிடித்தான் போட்டிருப்பினம்."

இருந்தாலும் நிஷாந்தினி, வெள்ளவத்தையில் ஸ்ரூடியோ வைத்திருக்கும் நிஸாமிடம் கொடுத்து, சப்பாத்தை வெட்டிவிட்டு முகத்தைப் பெருப்பிக்கச் சொன்னாள். முகத்தோடு சேர்ந்து சிக்கலும் பெருத்தது. மதரின் மேலுதட்டில் மெல்லிய கறுப்பு.

"மீசை மாதிரி இருக்கே, டீச்சர்," என்றார் நிஸாம்.

"வாயைக் கழுவுங்கோ! அது ஈரம் பட்ட கறை."

"கறையெண்டா அழிச்சுத் தாரன்."

அழித்தார். அழித்த கை அதோடு நிற்காமல் கன்னத்தையும் கொஞ்சம் மினுக்கிவிட்டது. வெள்ளிக்கிழமை படத்தைப் பார்த்த சிஸ்டர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"இதென்ன, கல்யாணப் பொம்பிளை மாதிரி? மதர் சரியான கண்டிப்பு எண்டெல்லோ கேள்வி!"

படம் திரும்பவும் வெள்ளவத்தைக்குப் போனது. கண்டிப்புக்கு நிஸாமிடம் இருந்த ஒரே மருந்து வட்ட மூக்குக்கண்ணாடி. அதை மாட்டியதும் மதர் வீட்டுப்பாடம் கேட்கும் முகமானார். சிஸ்டருக்குத் திருப்தி. நிஷாந்தினிக்குத்தான் சந்தேகம் தட்டியது.

"மேனகா, உண்மையில இது மதர்தானே?"

"பின்ன ஆர்? அங்கியும் செபமாலையும் போட்டுக்கொண்டு ரோட்டில போறவையே படம் எடுக்கிறவை?"

சனிக்கிழமை மண்டபம் நிறைந்து வழிந்தது. மதரை நேரில் கண்டவர்களில் மிஞ்சியிருந்தவர் ஒருவர்தான்: தொண்ணூறைத் தாண்டிய பழைய மாணவி பிலோமினா அன்ரி. நீர்கொழும்பிலிருந்து அவரைக் கூட்டிவந்து, சக்கர நாற்காலிக்குப் பின்னால் நின்றார் அவருடைய தம்பி ஹியூபேட்.

திரை விலகியது. அன்ரி கழுத்தை நீட்டிப் பார்த்தார். இல்லையென்று அவர் தலையாட்டினால் அறை போய்விடும்.

"ஐயோ, இந்த முகம்!" அன்ரியின் கண்கள் நிறைந்தன. "இதை எனக்குத் தெரியாதோ? எத்தனை வருஷம் ஒவ்வொரு நாளும் பார்த்த முகம்!"

மண்டபம் கைதட்டிக் குலுங்கியது. பழைய மாணவிகள் வரிசையாக வந்து மதருக்கு முன்னால் தலை குனிந்தார்கள். "என்ன புனிதமான கண்!" என்று ஒருவர் உருகினார். சிஸ்டர் மைக்கைப் பிடித்து, "இந்த அறையில இனி ஒருத்தரும் கை வைக்கேலாது," என்று அறிவித்தார். நிஷாந்தினி சந்தோஷத்தில் அழுதே விட்டாள்.

கூட்டம் தேநீருக்குக் கலைந்தது. ஹியூபேட் மட்டும் படத்துக்குக் கிட்டப் போய், தலையை அப்படியும் இப்படியும் சரித்துப் பார்த்தார். பிறகு மேலுதட்டைத் தடவியபடி, வெட்கச் சிரிப்போடு நிஷாந்தினியைக் கூப்பிட்டார்.

"கண்ணாடி மட்டும் பிழை, மகள். இந்த மேடையில எங்கட பெடியள் நாடகத்தில மதர் வேஷம் கட்டேக்க நான் கண்ணாடி போடேல்ல."