நீ சொன்னபடியே நெவிலின் கணக்கை மாற்றிவிட்டேன்

ராதரம், இங்கிலாந்து,
செவ்வாய்க்கிழமை, வழக்கம்போல் மழை.

அன்புள்ள கொழுந்தன் கீத்துக்கு,

உன் அண்ணி டோரின் எழுதுவது. ஸ்பெயினில் நீயும் சாண்ட்ராவும் நல்ல சுகத்தோடு இருப்பீர்கள் என்று நம்புகிறேன். சாண்ட்ராவின் முழங்கால் இப்போது மடங்குகிறதா, உன் வழுக்கையில் வெயில் பட்டு உரிந்த தோல் ஆறிவிட்டதா என்று கேட்டு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நான் உயிரோடு இருக்கிறேன், அதற்குமேல் சொல்ல ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் பாத்திரம் கழுவியவள் எழுதும் கடிதம், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்.

இத்தனை தொல்லையும் உன்னால் வந்தது. உன் அண்ணன் நெவிலை எரியூட்டிவிட்டு வந்து வீட்டில் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, பன்றி இறைச்சி சாண்ட்விச்சை வாயில் வைத்துக்கொண்டே நீ என்ன சொன்னாய்? "அண்ணி, அண்ணனோட ஐசா சேமிப்புக் கணக்கு இன்னும் அந்தக் கொள்ளைக்காரங்ககிட்டயா கெடக்கு? வருஷா வருஷம் கட்டணம்னு சொல்லி உறிஞ்சிருவானுங்க. வேற கம்பெனிக்கு மாத்துங்க, அஞ்சு நிமிஷ வேலை." சொல்லிவிட்டு நீ விமானம் ஏறிவிட்டாய். அந்த ஐந்து நிமிஷம் போன இலையுதிர் காலத்தில் ஆரம்பித்தது, போன வாரம்தான் முடிந்தது.

அந்தக் கணக்கு நெவிலுக்கு என்ன என்று உனக்குத் தெரியும். பஸ் ஓட்டி, ஞாயிற்றுக்கிழமையும் ஓட்டி, மிச்சம் பிடித்ததையெல்லாம் வருஷா வருஷம் வரிக்கணக்கு வருஷம் முடிகிற ஏப்ரல் ஐந்தாம் தேதி தாண்டுவதற்குள் அதில் போட்டுவிடுவார். அன்றைக்குச் சாயங்காலம் மீனும் சிப்ஸும் பொட்டலம் கட்டி வாங்கிவந்து, "இதுல அரசாங்கத்துக்கு ஒரு சிப்ஸ்கூடக் கிடையாது டோரின்" என்று சொல்லிக்கொண்டே பிரிப்பார். வரி தொடாத பணம் என்பதில் அவருக்கு அப்படி ஒரு பெருமை. புருஷன் போனாலும் அந்த வரிச்சலுகை பெண்டாட்டிக்கு வரும், ஆனால் முறைப்படி மாற்ற வேண்டும், முறை தவறினால் போனது போனதுதான் என்றார்கள். அவர் அத்தனை வருஷம் கட்டிக்காத்ததை நான் ஒரு பித்தானைத் தப்பாக அமுக்கி உடைத்துவிடக் கூடாதே என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது.

முதலில் பழைய கம்பெனிக்குப் போன் போட்டேன். பெயர் எழுதமாட்டேன், உனக்குத்தான் தெரியுமே. செத்தவர்கள் கணக்கைப் பார்க்கத் துக்கப் பிரிவு என்று தனியாக வைத்திருக்கிறார்கள். அங்கே காத்திருக்கும்போது டமுக்கு டமுக்கு என்று ஆட்டம்போடும் பாட்டு, நானோ கைக்குட்டையோடு உட்கார்ந்திருக்கிறேன். கடைசியில் கெய்லி என்று ஒரு பெண் வந்தாள். கணக்கு வைத்திருப்பவரிடம்தான் பேச முடியும் என்றாள். அவர் தவறிவிட்டார், அதற்காகத்தான் இந்தப் பிரிவுக்கே வந்திருக்கிறேன் என்றேன். ரொம்ப வருத்தம் தெரிவித்தாள். பிறகு எதையோ பார்த்துப் படிக்கிற குரலில், "அவருக்கு எப்பக் கூப்பிட்டா வசதியா இருக்கும்?" என்றாள். "அது தெரிஞ்சா நானே கூப்பிட்டிருப்பேனே, கண்ணு" என்றேன்.

இறப்புச் சான்றிதழ் அனுப்பினேன். கிடைத்தது என்று பதில் வந்தது, நெவில் பெயருக்கு. 'அன்புள்ள திரு. ஹாட்ஃபீல்ட், தங்கள் மறைவுச் செய்தி கிடைக்கப்பெற்றோம்.' அடுத்த மாதமே இன்னொன்று, தங்கள் எதிர்காலத்தைத் திட்டமிட நாங்கள் இருக்கிறோம் என்று. வாசல் கதவு இடுக்கு வழியாக அவர் பெயர் மிதியடிமேல் வந்து விழும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். எடுத்துக்கொண்டுபோய் அவர் நாற்காலிக்கு எதிரே நின்று சத்தமாகப் படிப்பேன், "கேட்டீரா உம்ம கம்பெனிக்காரன் கூத்தை" என்று திட்டுவேன், நாற்காலியிலேயே போட்டுவிடுவேன். போன் போட்டுப் பெயரை எடுக்கச் சொல்வேன். எடுத்துவிட்டோம் என்று அவருக்கே கடிதம் போடுவார்கள்.

நீ போனில் என்ன புத்தி சொன்னாய்? "எதுக்கண்ணி இவ்வளவு சுத்து? மொத்தமா வெளிய எடுத்து புதுசுல போட்டுருங்க." நானும் கெய்லியிடம் வெளியே எடு என்றேன். அவள் சட்டப்படி படித்துக்காட்ட வேண்டியதைப் படித்தாள். ஒன்றும் புரியாமல் மறுபடி படிக்கச் சொன்னேன். மூன்றாம் தடவைதான் உறைத்தது. நாமாகக் கையில் எடுத்தால் எனக்கு வரவேண்டிய சலுகை குழம்பிப் போகும், அதனால் புதுக் கம்பெனிக்காரன் கேட்டு, பழையவன் அவனுக்கே நேராக அனுப்ப வேண்டும். அவள் நாலு வரியை விட்டுப் படித்திருந்தால், தம்பி, உன் அண்ணனின் பெருமையெல்லாம் அன்றைக்கே போயிருக்கும், நீ நீச்சல்குளத்தில் மிதந்துகொண்டிருப்பாய்.

சரி, புதுக் கம்பெனியில் கையெழுத்துப் போட்டாயிற்று. அதோடு சும்மா இருந்திருக்கலாம், தப்பு என்மேல்தான். இத்தனை வருஷம் பழகியவர்களை விட்டுச் சொல்லாமல் கொள்ளாமல் போவது எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. முடி வெட்டும் பமீலாவை விட்டு வேறு கடைக்குப் போனதற்கே அவள் கடை இருக்கும் தெருப்பக்கம் இன்றுவரை நான் போவதில்லை, ரொட்டி வாங்கக்கூடச் சுற்றித்தான் போகிறேன். அதனால் சிட்டுக்குருவி படம் போட்ட நல்ல வாழ்த்து அட்டை ஒன்று வாங்கி எழுதினேன். இத்தனை வருஷத்துக்கும் நன்றி, நாங்கள் விடைபெறுகிறோம், உங்கள்மேல் ஒரு குறையும் இல்லை, கட்டணம்தான் கொஞ்சம் அதிகம், போனில் காக்கவைத்ததையும் செத்தவருக்குக் கடிதம் போட்டதையும் நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை, எல்லோரும் நன்றாக இருங்கள் என்று.

அதை மூன்று புகார்களாகப் பதிந்துவிட்டார்கள். விசாரணை முடியும்வரை கணக்கை அசைக்க முடியாதாம். புதுக் கம்பெனிக்காரன் கேட்கிறான், பழையவன் வழக்கு நடக்கிறது என்கிறான். நான் கெய்லியைப் பிடித்து, "நான் புகாரே குடுக்கலையே, நன்றின்னுதானே எழுதினேன்" என்றேன். மன்னிப்புக் கேட்டாள். "மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா, நாந்தான் ஸாரி" என்றேன். அவள் ஸாரி என்றாள். இப்படியே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம். முடிவில், "அப்ப எங்க தீர்வு உங்களுக்குத் திருப்தியில்லைன்னு எழுதிக்கவா?" என்றாள். திருப்தி, பரம திருப்தி என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

விசாரணையில் என் பக்கம் நியாயம் என்று முடிவாயிற்று. மனவேதனைக்கு ஈடாக ஒரு காசோலை வந்தது, நெவில் பெயரில். வங்கிக்குக் கொண்டுபோனேன். அவர் நேரில் வரவேண்டும் என்றார்கள். அதையும் நாற்காலியில் போட்டேன்.

போகட்டும், போன வாரம் எல்லாம் முடிந்தது. சலுகை முழுசாக என் பெயருக்கு வந்துவிட்டது, வரிக்காரனுக்கு ஒரு சிப்ஸ்கூடக் கிடையாது. புதுக் கம்பெனியில் கட்டணம் பாதிதான், நீ சொன்னது அந்த மட்டில் சரி. கடிதமே போடமாட்டார்களாம், எல்லாம் போனிலேயே வந்துவிடுமாம். வாசலில் இப்போது பீட்சா விளம்பரம் தவிர ஒன்றும் விழுவதில்லை. ஒருவழியாக விட்டது சனியன். இனிமேல் எனக்குப் புத்தி சொல்லாதே.

சாண்ட்ராவுக்கு என் அன்பு. இரண்டு பேரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், தொப்பி போட்டுக்கொள். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுள் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணி,
டோரின்

பின்குறிப்பு: உறையை ஒட்டிவிட்டுத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இப்போதுதான் கெய்லி கூப்பிட்டாள். நெவில் அந்தக் கணக்கில் வாங்கிப் போட்டிருந்த ஏதோ ஒரு பங்கின் லாபம் பிந்தி வந்து பழைய கணக்கில் ஒரு துளி நிற்கிறதாம், அதையும் அனுப்பிவிட்டுக் கணக்கை மூடிவிடட்டுமா என்று கேட்டாள். மூடினால் என்ன ஆகும் என்றேன். "பயப்படாதீங்க மிஸஸ் ஹாட்ஃபீல்ட், அதுக்கப்புறம் அவர் பேருக்கு ஒரு கடுதாசிகூட வராது, நான் பொறுப்பு" என்றாள் பாவம். "மூடாதே கண்ணு, அப்படியே கெடக்கட்டும்" என்று சொல்லிவிட்டேன். எத்தனை நாளைக்குக் கிடக்க விடுவார்களோ, கட்டணமே அதைத் தின்றுவிடும் என்றும் சொன்னாள். தின்னட்டும். அங்கிருந்து கத்தாதே. இந்த வீட்டுக்கு அவர் பெயர் போட்டு எழுதுவதற்கு அவர்களை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?