கொஹினூர் கடை டீயும் நீங்கள் தந்த கைக்கடிகாரமும்

சோனாபுர் துறை,
வியாழக்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் லுத்ஃபர் அவர்களுக்கு,

படகுத்துறையில் முப்பத்தொரு வருடம் சீட்டுக் கிழித்து ஓய்வு பெற்றவனும், உங்கள் தங்கை மொர்ஜினாவின் கணவனுமாகிய மொஃபஸ்ஸல் ஸலாம் சொல்லி எழுதிக்கொண்டது. அல்லாஹ்வின் அருளால் இங்கே நான் நலம், பசு நலம், உங்கள் தங்கை தேவைக்கு மேலேயே நலம். குவைத்திலிருந்து நீங்கள் கொண்டுவந்து கொடுத்த கைக்கடிகாரமும் நலம். நிமிடம் தவறாமல் ஓடுகிறது. என் கையில் இல்லை, அவ்வளவுதான். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

உங்கள் தங்கை போன வருடம் ஒரு கடன் குழுவில் சேர்ந்தாள் அல்லவா? ஐந்து பெண்கள் ஒரு குழு. ஒருத்தி தவணை தவறினால் ஐந்து பேருக்கும் அடுத்த கடன் நின்றுபோகும். முதலில் இரண்டு பேருக்குக் கொடுப்பார்கள், அவர்கள் ஒழுங்காகக் கட்டினால் அடுத்த இரண்டு பேருக்கு, குழுத் தலைவிக்குக் கடைசியில்தான். அந்தத் தலைவி வேறு யார், உங்கள் தங்கைதான். மிளகாயும் மஞ்சளும் அரைக்கிற மெஷின் ஒன்று வாங்க வேண்டும் என்று ஒரு வருடமாகக் காத்திருக்கிறாள். புதன்கிழமை தோறும் கூட்டம் நம் வீட்டு முற்றத்தில். எட்டுக் குழு, நாற்பது பெண்கள், முன்னால் முக்காலி போட்டு வங்கி சார் தபன் பாபு. வீட்டைச் சுற்றிக் காய்கறி போடுவோம் என்று உறுதிமொழி வேறு. அதன் பலனாக என் சாய்வு நாற்காலி இருந்த இடத்தில் இப்போது பாகற்பந்தல். "நாற்காலியை எடுத்துட்டியே, நான் எங்க உக்கார்றது?" என்று கேட்டேன். "நாற்காலி காய்க்குமா?" என்றாள். ஒரு புருஷனிடம் கேட்கிற கேள்வியா இது, நீங்களே சொல்லுங்கள்.

அதனால் நான் காலையிலேயே கொஹினூர் கடைக்குப் போய்விடுவேன். உங்கள் தங்கை குழுவில் முதல் கடன் வாங்கியவள் இந்தக் கொஹினூர்தான். துறையில் டீக்கடை போட்டிருக்கிறாள். விவரம் தெரிந்த பெண். "சாச்சா, வாங்க" என்று பெஞ்சைத் துடைத்து விடுவாள். காலையில் இரண்டு டீ, மதியம் ஒன்று, மாலையில் பூரியோடு ஒன்று. காசு? மச்சான், நான் ஓய்வு பெற்ற ஊழியன். என்னைப் போல ஓர் ஆள் உட்கார்ந்திருப்பதே கடைக்கு மரியாதை அல்லவா? நான்கு மாதமாக அந்த மரியாதையை நாள் தவறாமல் கொடுத்து வந்தேன்.

நேற்றுக் காலை கூட்டத்தில் கொஹினூருக்குத் தவணை எண்பது டாக்கா குறைந்துவிட்டது. போன மூன்று வாரமும் குறைந்ததாம். அப்போதெல்லாம் உங்கள் தங்கை முட்டை விற்ற காசைப் போட்டு ஈடுகட்டியிருக்கிறாள். இந்த வாரம் முட்டையும் இல்லை, காசும் இல்லை. நேற்று மட்டும் தவறாமல் கட்டிவிட்டால் மெஷின் கடனுக்குக் கையெழுத்து, தவறினால் இன்னும் ஒரு வருடம் காத்திருக்க வேண்டும். இந்தக் கூட்டத்தில் ஒரு வழக்கம் உண்டு: கடைசித் தவணை வந்து சேரும்வரை ஒருத்தியும் எழுந்திருக்கக் கூடாது. பத்து மணிக்கு உட்கார்ந்தவர்கள் பன்னிரண்டுக்கும் உட்கார்ந்திருந்தார்கள், ஒன்றரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். நாற்பது வீட்டில் அடுப்பு எரியவில்லை. நாற்பது புருஷன்மாரும் நம் வேலியோரம் வந்து நின்றுவிட்டார்கள். படகோட்டி ஜலீல் கத்துகிறான்: "ஏய், இலீஷ் மீனை வெட்டி வச்சிட்டு வந்திருக்கேன். பூனை தின்னா வங்கி கொடுக்குமா?" தபன் பாபு குனிந்த தலை நிமிரவில்லை.

அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் படித்தவன் நாலு பேருக்கு வழிகாட்ட வேண்டாமா? வேலியைத் தாண்டிப் போய் நடுமுற்றத்தில் நின்றேன்.

"ஏம்மா கொஹினூர், கடை நல்லாத்தானே ஓடுது? காசு எங்க போச்சு?"

"வியாபாரம் மந்தம், சாச்சா."

"மந்தமா? நான் பாக்கலையா? யாருக்கோ கடன் கொடுத்துருக்கே. கடன் சொல்லிக் குடிக்கிறவன் மனுஷனா? பேரைச் சொல்லு. இப்பவே போய் அவன் கழுத்தைப் பிடிச்சு இழுத்துட்டு வரேன்!"

வேலியோரம் இருந்தவர்கள் "சொல்லு, சொல்லு" என்றார்கள். அவள் உங்கள் தங்கையைப் பார்த்தாள். தரையைப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "கழுத்து ரொம்ப தூரத்துல இல்ல, சாச்சா" என்றாள்.

மச்சான், சத்தியமாகச் சொல்கிறேன், நான் திரும்பி ஜலீலைப் பார்த்தேன். ஜலீல் என்னைப் பார்த்தான். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். உங்கள் தங்கை சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. "நாலு மாசமா என் மெஷினை டீயில கரைச்சுக் குடிச்சிருக்கீங்க" என்றாள். பிறகு கையை நீட்டி, "கழட்டுங்க" என்றாள். கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தேன். ஜலீல் அதை அடகாக வாங்கிக்கொண்டு இரண்டாயிரம் டாக்கா கொடுத்தான். என் பாக்கி முழுவதும் கொஹினூர் கைக்குப் போய், தவணை தபன் பாபு கைக்குப் போய், அதன் பிறகுதான் நாற்பது பெண்களும் எழுந்தார்கள். மூன்றரை மணி நேரம் அந்தப் பெண் என் மானத்துக்காக வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு முகம் சுடுகிறது. ஆனாலும் ஊர் நடுவில் புருஷனை இப்படி உரிக்கலாமா?

ஆகவே, அண்ணன் என்ற முறையில் நீங்கள் உங்கள் தங்கைக்குக் கண்டிப்பாக ஒரு கடிதம் எழுதி, குழுவும் வேண்டாம், மெஷினும் வேண்டாம், பாகற்பந்தலைப் பிடுங்கிவிட்டு நாற்காலியைப் பழைய இடத்திலேயே போடு என்று உத்தரவிட வேண்டும். நீங்களும் பிள்ளைகளும் நோய்நொடி இல்லாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ செய்கிற,

உங்கள் மைத்துனன்
மொஃபஸ்ஸல்

பின்குறிப்பு: தபால்தலைக்குக் காசில்லாமல் இந்தக் கடிதம் ஒரு மாதமாகத் தலையணைக்கு அடியில் கிடந்தது. இதற்குள் கடன் வந்து, மெஷினும் படகில் வந்து இறங்கிவிட்டது. முதல் நாள் மிளகாய் அரைத்ததில் துறை முழுக்கத் தும்மல். மெஷினை ஓட்டுவது நான்தான். சீட்டுக் கிழித்த கை, கணக்காக வேலை செய்கிறது என்று உங்கள் தங்கையே சொன்னாள். சம்பளம் உண்டு. தபால்தலை அதில் வாங்கியதுதான். டீக்கும் ரொக்கம் கொடுக்கிறேன். கொஹினூர் இப்போதும் பெஞ்சைத் துடைத்து விடுகிறாள். எனவே மேலே எழுதியதில் எதையும் உங்கள் தங்கைக்கு எழுதிவிடாதீர்கள். கைக்கடிகாரத்தை மீட்கப் போனால், கையில் கட்டிப் பழகிவிட்டது, தர மாட்டேன் என்கிறான் ஜலீல். வேறு ஒன்று அனுப்புவதாக இருந்தால் மொர்ஜினா பெயருக்கே அனுப்புங்கள். அதுதான் பத்திரம்.