எண்பதாவது கரடி

பேன்கேக் சுட்ட கரண்டியைக் கையில் பிடித்தபடியே தலைமையாசிரியை லோர்னா டைக்ஸ்ட்ரா மூன்றாவது தடவையாகத் தட்டுகளை எண்ணினாள். எண்பது. பதிவேட்டிலோ எழுபத்தொன்பது பெயர்தான்.

அக்டோபரின் முதல் புதன்கிழமை. மிச்சிகன் பள்ளிகளில் தலை எண்ணும் நாள். ஹார்லோ ஃபால்ஸ் ஊரில் அரசுப் பணத்தில், தனி அனுமதியின் பேரில் நடக்கும் இந்தச் சின்ன சார்ட்டர் பள்ளி, தேர்வு மதிப்பெண்ணில் பக்கத்துப் பெரிய பள்ளியையே முந்தியிருந்தது. ஆனால் மதிப்பெண் யாருக்கு வேண்டும்? இன்று கடைசி மணிக்குள் எண்பது பிள்ளைகள் சேர்ந்திருந்தால் அனுமதி நீடிக்கும். ஒன்று குறைந்தாலும் கோடையோடு பூட்டு. எண்பதாவது பிள்ளை போன வாரம்தான் குடும்பத்தோடு வேறு ஊருக்குப் போய்விட்டது.

இருக்கிறவர்களாவது மட்டம் போடக் கூடாதென்று, காலையில் பேன்கேக் உண்டு, தூங்கின உடுப்போடு வரலாம் என்று ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டியது லோர்னாதான். மிருக உருவில் தைத்த இரவு உடுப்புகளில் பள்ளி நிறையக் கரடிகளும் முயல்களும் வந்து சேர்ந்தன. காது வைத்த தொப்பிக்குள் யார் யாரென்று பெற்றவர்களுக்கே தெரியாது.

எல்லாரையும் விளையாட்டுக்கூடத்துக்கு விரட்டி எண்ணினாள். எண்பது. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். எழுபத்தொன்பது குரல். முதுகில் எண் எழுதிய தாளை ஒட்டிப் பார்த்தாள். பிள்ளைகள் அதைப் பண்டமாற்று செய்துகொண்டதில் ஒரு முயல் முதுகில் மட்டும் மூன்று எண். பிறகு அத்தனையும் மறுபடி பேன்கேக்குக்கு ஓடிவிட்டன.

இந்தக் கூத்தையெல்லாம் வாசலோரம் நோட்டும் பேனாவுமாக ஒரு பெண்மணி பார்த்துக்கொண்டிருந்தாள். மாநிலத்திலிருந்து சரிபார்க்க வந்த அதிகாரியேதான், லோர்னாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. காலையிலேயே லோர்னா அவளுக்குக் காபி கொடுத்து உட்காரவைத்திருந்தாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் "ஒரே நிமிஷம்" என்று நழுவியும் இருந்தாள்.

"எண்பதுன்னே எழுதிடு லோர்னா," என்றாள் அலுவலகம் பார்க்கும் பெவ். "தலை இருக்குல்ல? நாம என்ன பேயையா கணக்குக் காட்டுறோம்?"

"பேர் இல்லாத தலையை எப்படிடீ எழுதுறது?"

பதினோரு வருஷம் பார்த்துப் பார்த்து வளர்த்த பள்ளி. லோர்னா கரண்டியைப் பெவ் கையில் கொடுத்தாள். நேரே அந்தப் பெண்மணியிடம் போனாள்.

"மேடம், உங்ககிட்ட மறைக்க விரும்பல. எங்க பிள்ளைங்க எழுபத்தொன்பதுதான். கூட ஒரு தலை இருக்கு, அது எங்கேருந்து வந்துச்சுன்னு சத்தியமா எனக்குத் தெரியல. அப்படியே எழுதிக்கோங்க."

சொல்லி முடித்ததும் மனசு லேசாகிவிட்டது. பூட்டினால் பூட்டட்டும், பொய் எழுதவில்லை.

பெண்மணி நோட்டைத் திருப்பிக் காட்டினாள். மூன்று பள்ளிகளின் பெயர்கள். இரண்டு அடிக்கப்பட்டிருந்தன; மிச்சம் இருந்தது இந்தப் பள்ளி.

"நான் எதுக்குங்க எழுதணும்? இந்த ஊருக்குப் புதுசாக் குடிவந்திருக்கோம். நாலாவது பேன்கேக்குக்கு நிக்குதே அந்தக் கரடி, அது என் பொண்ணு. சேர்க்கைப் படிவம் கேக்கத்தான் காலையிலேருந்து வாயைத் திறக்கிறேன், நீங்க விட்டாத்தானே!"