நுரைக் காக்காவின் பரல்

இந்தத் தீவிலேயே ஒரு பிளாஸ்டிக் பரலுக்குப் பேய் பிடிக்கவைத்த ஒரே மனிதர் எங்கள் நுரைக் காக்காதான். மனிதருக்குப் பிடிக்கும், மரத்துக்குப் பிடிக்கும், பாழ் கிணற்றுக்கும் பிடிக்கும். தண்ணீர் பிடித்து வைக்கிற நீலப் பரலுக்குப் பிடித்ததாக நீங்கள் யாராவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் பக்கத்து வீட்டில், சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து என் காதாலேயே கேட்டேன். என்னைக் கோழை என்று சொல்பவர்கள், கச்சான் என்கிற அனல்காற்று வீசுகிற ஒரு நடுப்பகலில் அந்தச் சுவரோரம் தனியே உட்கார்ந்துவிட்டு வந்து சொல்லட்டும்.

காக்கா என்றால் எங்களுக்கு அண்ணன்; அவருக்கு வாப்பா வைத்த பெயர் தெருவில் யாருக்கும் ஞாபகமில்லை. பாதி ஆயுளைச் சவூதியில் ஒரு குளிர்பானத் தொழிற்சாலையில் கழித்துவிட்டுக் கல்முனைக்குத் திரும்பியவர். அங்கே அவர் செய்தது பார்லி முளையில் எடுக்கிற, போதை இல்லாத ஒரு பானம். நிறமும் நுரையும் கசப்பும் பியர் மாதிரியே இருக்கும், ஆனால் சுத்தமான ஹலால். அந்த நுரை மனிதரின் தலைக்குள் ஏறிவிட்டது. தேத்தண்ணி கொடுத்தால் கோப்பையை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்து, "நுரை காணாது" என்று திருப்பிக் கொடுப்பார். கடற்கரைக்குப் போனால் அலையைப் பார்த்து, "நுரை நல்லாத்தான் இரிக்கி, நிக்கிதில்லையே" என்று கவலைப்படுவார். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

ஊர் வந்தபோது அவருடைய பெட்டியில் தங்கமும் இல்லை, சென்ட் போத்தலும் இல்லை. காய்ந்த பச்சைப் பூதான் இருந்தது. ஹொப்ஸ் என்று அதற்குப் பெயராம். கசக்கினால் தோடம்பழத் தோலும் ஈரப் புல்லும் மருந்துக்கடையும் சேர்ந்து மணக்கும். விமான நிலையத்தில் அதிகாரி பொதியைப் பிரித்து மணந்துவிட்டு இவரை மேலும் கீழும் பார்த்திருக்கிறார்.

"கஞ்சாவா?"

"இல்ல சேர், பூ."

"என்ன பூ?"

"கசக்கிற பூ."

அதிகாரி நம்பவில்லை. காக்கா ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்று காட்டினார். அந்தக் கசப்பில் அவர் முகம் போன போக்கைப் பார்த்து, இதை எவனும் காசு கொடுத்து வாங்கமாட்டான் என்று விட்டுவிட்டார்களாம்.

பூ எதற்கு என்று கேட்கிறீர்களா? ஒரே மகள் ஷிபாவுக்குப் பாலமுனையில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தது. கலியாணத்துக்கு வருகிறவர்களுக்குச் சிவப்புச் சோடா கொடுக்கமாட்டேன் என்று மனிதர் ஒற்றைக் காலில் நின்றார்.

"கலர்த் தண்ணியக் குடுத்து ஆர ஏமாத்துற, தம்பி? என்ட புள்ளட கலியாணத்துல ஒவ்வொரு கோப்பையிலயும் ரெண்டு விரல் நுரை நிக்கோணும். என்ட கையால செஞ்சதா இரிக்கோணும்."

கடைப் பார்லியை வாங்கி ஊறவைத்தார். தோல் உரித்த பார்லி எங்கே முளைப்பது? நாறியதுதான் மிச்சம். பிறகு நாவிதன்வெளியிலிருந்து ஒரு மூட்டை விதை நெல் வந்தது. எங்கள் பக்கத்தில் வயலே இல்லாதவனுக்கும் விதை நெல் முளைகட்டத் தெரியும். சாக்கோடு ஊறப்போட்டு, வடியவிட்டு, வைக்கோலால் மூடிவைத்தால் உள்ளே சூடு கிளம்பி வெள்ளையாய் முளை எட்டிப் பார்க்கும். விதைக்க வேண்டிய அந்த நெல்லைக் காக்கா வெயிலில் காயவைத்து, இடித்து, சுடுதண்ணீரில் ஊறவைத்தார். இனிப்பாய் வடிந்த சாற்றில் பாதிப் பூவைப் போட்டுக் காய்ச்சினார். மீதிப் பூவை, சாறு நன்றாக ஆறிய பிறகு பச்சையாகவே பரலில் போட்டு மூடினார்.

"கொதியில போட்டா கசப்பு, குளிர்ல போட்டா வாசம்," என்று எனக்கு விளங்கப்படுத்தினார். "ஒரு கிழமை பொறுங்க."

மூடியில் துளை போட்டு ஒரு மெல்லிய குழாயைச் செருகி, தூசி போகாதிருக்க அதன் மறு நுனியைத் தண்ணீர்ப் போத்தல் ஒன்றுக்குள் விட்டார். கச்சான் காலமல்லவா, சூட்டில் சாறு கெட்டுவிடும் என்று ஒரு வெள்ளைத் துணியை நனைத்துப் பரலை அடியிலிருந்து கழுத்து வரை சுற்றி, மேலே முடிச்சும் போட்டார். பின்னறையில் ஒரு கதிரையில் அதை இருத்தி, முன்னால் ஃபேனையும் போட்டுவிட்டார். நான் எட்டிப் பார்த்தேன். கபன் துணி சுற்றி அடக்கத்துக்கு வைத்த மையித்து ஒன்று எழுந்து உட்கார்ந்து காற்று வாங்குகிற மாதிரி இருந்தது. காக்காவின் மனைவியை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். ராத்தா அன்றோடு அந்த அறைப் பக்கம் போவதை நிறுத்திக்கொண்டார்.

சில நாள் போயிருக்கும். லுஹர் தொழுது, சோறு தின்று, சுவரோரம் சாய்ந்திருந்தேன். தெருவில் ஒரு குஞ்சு குருமானும் இல்லை. கச்சான் மட்டும் தென்னோலையைப் பிறாண்டிக்கொண்டிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் "குளுக்" என்றது. யாரோ தண்ணீர் விழுங்குகிறார்கள் என்று நினைத்தேன். மறுபடியும் "குளுக்". பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. அப்புறம் யாரோ சுவரில் தட்டினார்கள். என் உயிர் பாதி போய்விட்டது.

"தம்பி!" காக்காவின் குரல்தான், ஆனால் நடுங்கியது. "தம்பி, கேக்குதா?"

"இல்ல காக்கா, ஒண்டும் கேக்கல்ல," என்றேன் போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு. கச்சான் வெக்கையில் போர்வை போர்த்தியவன் கல்முனையில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. சவூதித் தொழிற்சாலையில் எந்தப் பரலும் வாய் திறந்ததில்லை. அங்கே வாயுவை இயந்திரம்தான் அடைக்கும். "ஈஸ்ட் போடல்ல, சீனி போடல்ல," என்று என்னிடம் வந்து புலம்பினார். "நெல்லும் பூவும் தண்ணியும்தான். அது எப்பிடி தம்பி தானா மூச்சு விடும்?"

நாளுக்கு நாள் அது கூடியது. மூடியின் கீழால் நுரை வழிந்து வெள்ளைத் துணியில் இறங்கி, ஐந்து விரல் பதித்த மாதிரிக் காய்ந்து கிடந்தது. தெருப் பூனை ஜன்னலில் குந்திக்கொண்டு பரலையே பார்த்தது. மீன் தலையைப் போட்டாலும் திரும்பாது. நாங்கள் அறைக்குள் போனால் சத்தம் நிற்கும், வெளியே காலை வைத்தால் "குளுக்" என்னும். காக்கா ஒருநாள் துணிந்து வாசலில் நின்று சலாம் சொல்லிப் பார்த்தார். பரல் கொஞ்சம் யோசித்துவிட்டு, "குளுக்" என்றது.

"பதில் சொல்லுது, தம்பி. நல்ல சாதி ஜின்னாத்தான் இரிக்கும்," என்று வெளிறிப்போன முகத்தோடு தேறிக்கொண்டார்.

ஓதிப் பார்க்கிற லெப்பை ஒருவரை அழைத்து வந்தோம். அவர் குனிந்து, ஓதி, பரலின் மேல் ஊதினார். பரல் திருப்பி ஊதியது. குழாய் தெறித்துப் போய் அவருடைய தொப்பியைத் தட்டிவிட்டது. மனிதர் தொப்பியையும் எடுக்கவில்லை, செருப்பையும் போடவில்லை. "பெரிய சாமான்" என்று மட்டும் சொல்லிவிட்டு வெறுங்காலோடு தார் ரோட்டில் போய்விட்டார்.

இதையெல்லாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் எங்கள் பக்கத்துக் கலியாணமுறை வேறு. பெண் மாப்பிள்ளை வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். வாப்பா வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டுத் தான் ஒரு மூலையில் ஒதுங்கிக்கொள்வார். பரல் உட்கார்ந்திருந்த பின்னறைதான் மாப்பிள்ளைக்கும் ஷிபாவுக்கும் என்று வெள்ளையடித்து வைத்திருந்த அறை. அப்படியொரு சாமான் குடியிருக்கிற வீட்டுக்கு எந்த உம்மா மகனை அனுப்புவாள்? கதை பாலமுனைக்கு பஸ்ஸைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வீடு பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பினார்கள். ஷிபா பின்னறைக் கதவைப் பார்த்தபடி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள் என்று ராத்தா என் மனைவியிடம் சொல்லி அழுதார். காக்கா அன்றைக்குத் தேத்தண்ணியை நுரை பார்க்காமலே குடித்தார்.

வெள்ளி காலையில் பாண்டிருப்புத் தங்கராசண்ணன் வந்தார். நாவிதன்வெளி வயலிலிருந்து விதை நெல் கொடுத்தவர், சாக்கைத் திருப்பி எடுக்க வந்திருந்தார். கதையைக் கேட்டதும், "எங்க, காட்டுங்க பாப்பம்," என்று நேராக அறைக்குள் போனார். மூடியைத் திறந்து மணந்தார். கண்ணை மூடினார். ஒரு கோப்பை அள்ளிக் குடித்தார், இன்னொன்றும் குடித்தார். அவர் வாயால் இப்போது எந்தக் குரல் வரப்போகிறதோ என்று நாங்கள் வாசலில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு நின்றோம்.

"காக்கா, இது பேயுமில்ல பிசாசுமில்ல. முதல்தரமான பியர்."

காக்கா அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டார். "நான் ஈஸ்ட் போடல்லையே, தங்கராசா!"

"கள்ளுக்கு ஆர் போட்ட? காத்துல வாற ஈஸ்ட்டே காணும். நீங்க பூவையும் பச்சையாப் போட்டு, இந்த வெக்கையில மூடி வெச்சிரிக்கீங்க. அது சும்மா இரிக்குமா?" என்றபடி மூன்றாவது கோப்பைக்குக் கை நீட்டினார் தங்கராசண்ணன்.

"பேயா இரிந்தா நல்லமே," என்றார் காக்கா. "பேய்க்கு ஓதலாம். இதுக்கு என்னத்த ஓதுற? பேய் எண்டு சொன்னா வீடு போச்சி. பியர் எண்டு சொன்னா மானம் போச்சி. எதச் சொன்னாலும் புள்ளட கலியாணம் போச்சே."

கொட்டிவிடலாம் என்றால், வீட்டுக் கழிவுநீர்க் கான் பள்ளிவாசல் பக்கமாகத்தான் ஓடுகிறது. மணமே ஊரைக் கூட்டிவிடும். தூக்கிக்கொண்டு போகலாம் என்றால் ஜும்ஆவுக்குத் தெரு நிறையச் சனம். கதவுக்குக் கொண்டியைப் போடுவோம், அவர்கள் போன பிறகு பார்ப்போம் என்று விட்டோம்.

பாலமுனையிலிருந்து மாப்பிள்ளையின் வாப்பாவும் உம்மாவும் வந்தார்கள். வாப்பா சிரிக்கவே தெரியாத முகம், அவரும் சவூதியில் லொறி ஓட்டித் திரும்பியவர். உம்மா வட்டிலப்பத்தைத் தொடவில்லை, காதைத் தீட்டிக்கொண்டு இருந்தார்.

"குளுக்."

"என்ன சத்தம் அது?" என்றார் உம்மா.

"வாயு," என்றார் காக்கா, வயிற்றைத் தடவியபடி. "வயித்துல வாயு." நம்பிக்கைக்கு ஓர் ஏப்பமும் விட்டார்.

அதன் பிறகு பரல் விட்ட ஒவ்வொரு மூச்சுக்கும் காக்கா ஓர் ஏப்பம் விட்டார். பரல் வேகமெடுத்தது, காக்காவும் வேகமெடுத்தார். "பாவம், இவருக்கு ஒரு சோடா குடுங்களன்," என்று உம்மா இரங்கினார். சோடாக் கோப்பையைக் காக்கா வாயில் வைத்த நேரம் பார்த்து, பரல் ஆழமான ஒரு பெருமூச்சு விட்டது. உம்மா ஆயத்துல் குர்ஸியை ஓதத் தொடங்கினார்.

மாப்பிள்ளையின் வாப்பா எழும்பினார். மூக்கை உயர்த்திக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் பின்னறைக்குப் போய்க் கொண்டியைத் தட்டித் திறந்தார். உள்ளே வெள்ளைத் துணிக்காரர் கதிரையில் உட்கார்ந்து காற்று வாங்கிக்கொண்டிருந்தார். உம்மா அலறிவிட்டார். இவர் அலறவில்லை. கிட்டப் போனார், குனிந்தார், மணந்தார்.

"யா அல்லாஹ், இந்த வாசம்!" என்றார். "தமாம் ரோட்டுல, நோம்பு திறக்கிற நேரம் லொறிய ஓரங்கட்டிப் போட்டு இதத்தான் குடிக்கிற. பக்கத்துல பொண்டாட்டி இல்ல, புள்ள இல்ல. மணலும் இந்தப் போத்தலும்தான்." அவர் கண் கலங்கியிருந்தது. "கலியாணத்துக்கா செஞ்சீங்க? இதையா மடையனுகள் பேய் எண்ட?" முதல்தடவையாகச் சிரித்தார். தங்கராசண்ணன் விட்டுப்போன கோப்பையை எடுத்து, மூடியைத் தூக்கி உள்ளே முக்கினார். ரெண்டு விரல் நுரை நின்றது, அசையாமல் நின்றது.

எல்லாம் சரியாகிவிட்டது. காக்கா ஒன்றுமே செய்யத் தேவையில்லை, வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். 'சும்மா இரிங்க காக்கா, சும்மா இரிங்க' என்று நான் மனதுக்குள் கத்தினேன். கோப்பை அந்த மனிதரின் உதட்டுக்குப் போனது. காக்கா பாய்ந்து தட்டிவிட்டார்.

கோப்பை சுவரில் பட்டு உருண்டது. நுரை வெள்ளைச் சட்டையில் வழிந்தது.

"குடிக்காதீங்க சம்மந்தி," என்றார் காக்கா. "ஹலாலாத்தான் செஞ்ச. என்ட கைய மீறி ஹறாமாப் போச்சி. காலைலதான் தெரியும். உங்களுக்குத் தெரியாம அத உங்கட வயித்துல போட்டு என்ட புள்ளய வாழவெக்க எனக்கு ஏலா." சொல்லிவிட்டுக் குழந்தை மாதிரி அழுதார். குசினி வாசலில் ஷிபா நின்றாள். பரல் "குளுக்" என்றது. இப்போது யாரும் ஏப்பம் விடவில்லை.

மாப்பிள்ளையின் வாப்பா சட்டையைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "எழும்பு, போவம். வீடு பாத்தது போதும்."

ராத்தா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"போய் நாளக் குறிப்பம்," என்றார் அவர். "தட்டிவிட்ட இந்தக் கைட புள்ளய வேற ஆருக்கும் விட ஏலா."

அசர் தொழுகைக்குப் பிறகு அவருடைய வேனிலேயே பரலை ஏற்றிக் கடற்கரைக்குக் கொண்டுபோனோம். சம்மந்திகள் இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கவிழ்த்தார்கள். அலை வந்து அள்ளிக்கொண்டு போனது. அது விட்டுப்போன நுரை மணலில் அப்படியே நின்றது. அடுத்த அலை வந்தது, அதற்கடுத்ததும் வந்தது, நுரை கரையவில்லை. எனக்கு மயிர் கூச்செறிந்தது. காக்கா மட்டும் என் தோளைத் தொட்டு, "பாத்தியா தம்பி, நிக்கிது," என்றார்.

கலியாணத்தில் எல்லாருக்கும் சிவப்புச் சோடாதான். காக்கா போன நோன்புக்கு முன்னால் மவுத்தாகி அடக்கமாகிவிட்டார். பின்னறையில் இப்போது ஷிபாவின் குழந்தைக்கு ஏணை கட்டியிருக்கிறது. பரலும் இல்லை, பூவும் இல்லை. ஆனால் கச்சான் கிளம்பி, தெரு வெறிச்சோடிப்போகிற சில நடுப்பகல்களில் சுவருக்கு அந்தப் பக்கம் "குளுக்" என்கிறது. தண்ணீர்க் குழாயாக இருக்கும் என்கிறாள் ஷிபா. இருக்கலாம். நான் இப்போது போர்வையை இழுப்பதில்லை. எழும்பிப் போய்ச் சுவரில் மெதுவாகத் தட்டி, "ஓம் காக்கா, கேக்குது," என்கிறேன்.