ஒபரா அங்கிளும் என் எவர்சில்வர் இடியும்

எனக்குச் சங்கீதம் தெரியும் என்று நானே கிளப்பிவிட்ட வதந்தியை இந்த உலகத்தில் நம்பிய ஒரே மனிதர் மைசூர் ஒபரா அங்கிள்தான். தொண்ணூறுகளில் அவர் வீட்டு மாடியில் நான் குடியிருந்தேன்.

அவர் ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேன். ஆனால் மனசெல்லாம் முன்னூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பாவின் பரோக் காலத்தில். அந்தக் கால ஒபராக்களை, அதாவது முழுக்கப் பாட்டாகவே நடக்கும் நாடகங்களை, கேசட்டில் கேட்டுக் கேட்டுத் தன் வீட்டுக் கூடத்துக்குள் சுருக்குவார். அங்கே ஒரு பட்டாளமே பாடி வாசிப்பதை இங்கே மூன்று பேருக்குப் பங்கு பிரிப்பார். ராஜாவும் ராணியும் வயலின். படை, கடல், கோரஸ் எல்லாம் அவருடைய ஆர்மோனியம்.

"உனக்கு இடி, தம்பி" என்று என் கையில் ஒரு எவர்சில்வர் தாம்பாளத்தைக் கொடுத்தார். "கப்பல் முழுகறப்ப ஒரே அடி. அதுவரைக்கும் மூச்சுகூட விடாதே."

ஆன்ட்டிக்குத்தான் இதெல்லாம் ஆகாது. ஞாயிறு ஒத்திகை தொடங்கியதுமே ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிடுவார். கடைசியில் வரும் ஜோடிப் பாட்டை அங்கிள் அவருக்காகவே இழைத்து இழைத்து எழுதியிருந்தார். ஒரு தடவையாவது அவர் அதைக் கேட்க வேண்டுமே! கெஞ்சிக் கூத்தாடியதில், அவர்களுடைய கல்யாண நாளன்று ஆன்ட்டி மடியில் பையோடு வந்து உட்கார்ந்தார்.

"அஞ்சரை பஸ்ஸுக்கு எழுந்துடுவேன். அப்புறம் உங்க ராஜா செத்தாலும் நான் பொறுப்பில்ல."

வயலின், மேல்கோட்டை ஐயங்கார். அசல் கர்நாடக சங்கீதக்காரர். இந்த ஒபராப் பாட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு: முதல் பகுதியை மறுபடி வாசிக்கும்போது சொந்தமாகக் கொஞ்சம் அலங்காரம் சேர்க்கலாம். அங்கிள் இதை அவரிடம் சொல்லியிருக்கவே கூடாது. ஐயங்கார் கண்ணை மூடினார். இத்தாலிய ராஜா கல்யாணியில் நிரவல் செய்தார், ஸ்வரம் போட்டார், காவேரியைப் பிடித்துக்கொண்டு திருவையாறு வரைக்கும் போய்விட்டார்.

"போதும் சார், சாகு சார்!" என்று அங்கிள் தமிழிலும் கன்னடத்திலும் கதறினார். ஐயங்கார் கண் திறக்கவில்லை. ஆன்ட்டி காலால் செருப்பைத் தேட ஆரம்பித்தார். அங்கிளின் முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை.

நான் தாம்பாளத்தை ஓங்கினேன். டமார்!

கப்பல் இரண்டு அங்கத்துக்கு முன்னாலேயே முழுகியது. ஐயங்காரின் வில் துள்ளிக் கீழே விழுந்தது. "ஏன்ரீ, என்ன இது, இடியா, குண்டா?" என்று அலறினார். அந்த இடைவெளியில் அங்கிள் நேராக ஜோடிப் பாட்டுக்குத் தாவினார். ஐயங்காரும் வில்லைப் பொறுக்கிக்கொண்டு சேர்ந்தார், இந்தத் தடவை பரம சாதுவாக.

பாட்டு முடிந்தது. ஆன்ட்டியின் பை எப்போதோ தரைக்கு இறங்கியிருந்தது. அங்கிள் தலை நிமிரத் தைரியமில்லாமல் ஆர்மோனியக் கட்டைகளையே துடைத்துக்கொண்டிருந்தார்.

என் வாய் சும்மா இருக்குமா? "ஆன்ட்டி, பஸ் போயிடுச்சே!"

"போகட்டும். முதல்லேருந்து வாசிங்க."